முதல் அடவிலிருந்து மறுபடியும்

நடன வகுப்பில் சின்னஞ்சிறு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, அரைமண்டியில் அமர்ந்து தட்டடவு போடுகிறார்கள். அந்த வரிசையில் எல்லோரையும்விட உயரமாக ஒரு பதின்பருவப் பெண் நிற்கிறாள். மேடைகளில் கைதட்டல் வாங்கியவள், பெரிய போட்டியில் பரிசு வென்றவள். ஆனால் இன்று அவளுக்குத் தட்டடவே சரியாக வரவில்லை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பக்கத்தில் நிற்கும் பொடிசுகள் அலட்டிக்கொள்ளாமல் செய்வதை அவள் உடம்பு செய்ய மறுக்கிறது.

பத்மா வெங்கட்ராமன் ஆங்கிலத்தில் எழுதிய 'எ டைம் டு டான்ஸ்' நாவலின் உயிர்நாடி இந்த வகுப்பறைதான். 2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த இந்தப் புத்தகம் பதின்பருவத்தினருக்கானது. கதை நடப்பது சென்னையில். கதாநாயகி வேதா, பரதநாட்டியமே மூச்சாக வளர்ந்தவள். போட்டியில் வென்று திரும்பும் வழியில் விபத்து நேர்கிறது. மருத்துவமனையில் கண் விழிக்கும்போது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை.

இதுபோன்ற கதைகளுக்கு வழக்கமான பாதை ஒன்று உண்டு. விபத்து, கண்ணீர், வைராக்கியம், மேடை, கைதட்டல். பத்மா வெங்கட்ராமன் அந்தப் பாதையில் போகவில்லை. வேதாவின் ஆசிரியர் அவளை மறுபடி ஏற்க முன்வருவதில்லை. அவள் வேறொரு குருவைத் தேடிப் போகிறாள். அங்கே ஆரம்ப நிலை வகுப்பில் உட்காரச் சொல்கிறார்கள். கதையின் பெரும்பகுதி அந்த வகுப்பிலும், செயற்கைக் கால் பொருத்தும் அறையிலும், வீட்டுக் கூடத்திலும் நடக்கிறது. வெற்றிக் கதையாகத் தொடங்கும் ஒன்றை மறுபடி கற்கும் கதையாகத் திருப்பிவிட்டதுதான் இந்த நாவலின் பெரிய துணிச்சல்.

பத்மா வெங்கட்ராமன் சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய்க் கடலியல் படித்து முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுக் கப்பல்களில் தலைமை அறிவியலாளராகப் பணியாற்றிய பிறகு முழுநேர எழுத்துக்கு வந்தார். முதல் நாவல் 'கிளைம்பிங் த ஸ்டேர்ஸ்' 2008-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னையில், கூட்டுக் குடும்பக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே மாடியிலுள்ள நூலகத்தைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. 2019-இல் வந்த 'த பிரிட்ஜ் ஹோம்' சென்னைத் தெருக்களில் வாழும் சிறார்களைப் பற்றியது. கடல் கடந்து போய் நெடுங்காலம் ஆன பிறகும் அவருடைய கதைகள் திரும்பத் திரும்பச் சென்னைக்கே வருகின்றன.

வேதாவின் கதை உரைநடையில் இல்லை. புத்தகம் முழுவதும் புதுக்கவிதை. ஒவ்வொரு கவிதையும் ஒன்றிரண்டு பக்கம், ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு. ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் போனால் கதை நகர்கிறது. ஆங்கிலத்தில் இளையோருக்கான கவிதை நாவல் இன்று நன்றாகக் காலூன்றிய வடிவம். கேரன் ஹெஸ் எழுதிய 'அவுட் ஆஃப் த டஸ்ட்' 1998-இல் நியூபெரி பதக்கம் பெற்றபோது அதற்குப் பரவலான கவனம் கிடைத்தது. 'எ டைம் டு டான்ஸ்' வந்த அதே 2014-இல், அதே பதிப்பகப் பிரிவிலிருந்து, ஜாக்குலின் உட்சன் தம் இளமைக் காலத்தைக் கவிதைகளாக எழுதிய 'பிரவுன் கேர்ள் ட்ரீமிங்' வெளிவந்து அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை வென்றது.

நடனம் பற்றிய கதைக்கு இந்த வடிவம் மிக இயல்பாகப் பொருந்துகிறது. பரதநாட்டியம் கற்பவருக்குத் தாளம்தான் முதல் மொழி. சொல்லுக்கட்டு காதில் விழுந்தால் கால் தானே எழும். ஆசிரியர் தட்டுக்கழியால் கட்டையைத் தட்டுவதை மாணவி காதால் கேட்பதோடு நிற்பதில்லை, உள்ளங்காலிலும் கேட்கிறாள். வரிகளைச் சிறிதாக்கியும் நீட்டியும், இடைவெளி விட்டும் எழுதும்போது அந்தத் தாளத்தைத் தாளில் கொண்டுவர முடிகிறது. வேதா நன்றாக ஆடும் இடங்களில் வரிகள் ஓடுகின்றன. மருத்துவமனைப் படுக்கையில் அவை திக்கி நிற்கின்றன. உணர்ச்சியை விவரித்துத் தள்ளுகிற வேலையை இந்த வடிவம் குறைத்துவிடுகிறது. பதினான்கு, பதினைந்து வயதில் வாசிக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. விளக்கம் நீள நீள அவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

வேதா இழந்தது எது என்று தெரிய வேண்டுமானால் அரைமண்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகை நேராக வைத்து, முழங்கால்களை மடக்கி, பாதி அமர்ந்த நிலையில் நிற்பதுதான் அரைமண்டி. குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. பார்க்கிறவர்கள் தொடையின் வலுவைத்தான் கவனிப்பார்கள். ஆனால் ரகசியம் கணுக்காலில் இருக்கிறது. முழங்கால் மடங்கும்போது கணுக்கால் வளைந்து கொடுத்தால்தான் குதிகால் தரையில் ஊன்றி நிற்கும். பழைய வகைச் செயற்கைப் பாதங்களில் கணுக்கால் அசையாது. அப்படிப்பட்ட பாதத்தோடு அரைமண்டியில் இறங்கினால் உடம்பின் பாரம் பின்னால் சாயும்.

அடுத்தது தட்டு. உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி ஓங்கித் தட்ட வேண்டும். குதிகால் முந்தினாலும் விரல்கள் முந்தினாலும் ஓசை பிசகும். நாட்டியம் ஆடுகிறவர் அந்த ஓசையைக் கேட்டும், தரையின் எதிர்வினையைத் தோலில் உணர்ந்தும் தம்மைத் திருத்திக்கொள்கிறார். செயற்கைக் காலில் உணர்வு கிடையாது. பாதம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தோ, எஞ்சியிருக்கும் காலில் ஏற்படும் அழுத்தத்தை வைத்தோதான் ஊகிக்க முடியும். சலங்கை ஒரு காலில் தோலை உரசுகிறது. மறுகாலில் குழாயைச் சுற்றிக் கிடக்கிறது.

அந்தக் குழாய்க்கு மேலே, எஞ்சிய காலைக் கவ்விப் பிடிக்கும் கிண்ணம் போன்ற பகுதி ஒன்று உண்டு. பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும். வியர்த்தால் வழுக்கும், உரசினால் புண்ணாகும். அறுவைக்குப் பிறகு பல மாதங்கள் எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே வரும். நேற்றுக் கச்சிதமாக இருந்த கிண்ணம் இன்று தொளதொளக்கும். அதை ஈடுகட்டத் துணியுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்ட வேண்டியிருக்கும். சென்னை வெயிலில், நாள் முழுவதும் ஆடிப் பழகும் ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய போராட்டம்! நாவலில் ஜிம் என்ற அமெரிக்க இளைஞர் வேதாவுக்குக் கால் வடிவமைத்துக் கொடுக்கிறார். அவர்மேல் அவளுக்கு ஓர் ஈர்ப்பும் வருகிறது. அந்த வயதின் இயல்பை மறைக்காமல் எழுதியிருப்பது நல்லது. வேதா தியாகச் சிலையாக்கப்படவில்லை. கோபப்படுகிறாள், பொறாமைப்படுகிறாள், தன்னைத்தானே வெறுக்கிறாள், பிடித்த பையனைப் பற்றிக் கனவு காண்கிறாள்.

இல்லாத காலில் வலி வருவதையும் நாவல் விட்டுவிடவில்லை. கால் போய்விட்டாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. அறுபட்ட நரம்பு முனைகளிலிருந்து வரும் தூண்டுதலை மூளை பழைய பாதத்திலிருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. கால் நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வலி வருகிறது. மனப்பிரமை என்று வீட்டார் எண்ணிவிடுவார்களோ என்று பலர் வெளியே சொல்வதே இல்லை. ஒரு பதின்பருவ வாசகி இதை ஒரு கதையின் வழியாகத் தெரிந்துகொள்வது, நாளை தன் வீட்டிலோ வகுப்பிலோ ஒருவரைப் புரிந்துகொள்ள உதவும்.

இந்தக் கதையைக் கேட்டதும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். சுதா சந்திரன். தொலைக்காட்சித் தொடர்களில் மாமியாராக அவரைப் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு அவருடைய இளமைக் கதை தெரியாமல் இருக்கலாம். மும்பையில் வளர்ந்த பரதநாட்டியக் கலைஞர் அவர். 1981-இல், பள்ளிப் பருவத்தில், திருச்சி அருகே பேருந்து விபத்தில் சிக்கினார். காலில் பட்ட காயம் அழுகிப்போய், காலையே எடுக்க வேண்டிய நிலை வந்தது. பிறகு ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு, நடக்கப் பழகி, ஆடப் பழகி, 1984-இல் மும்பையில் மறுபடியும் மேடையேறினார். அந்த வாழ்க்கையே சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் தெலுங்கில் 'மயூரி' என்ற திரைப்படமாயிற்று. கதாநாயகியாக நடித்தவரும் சுதாவே. தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. 1986-இல் அதே கதை இந்தியிலும் வந்தது.

சுதாவை மறுபடி ஆடவைத்த ஜெய்ப்பூர் காலுக்கும் ஒரு கதை உண்டு. ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு மருத்துவராக இருந்தவர் பி. கே. சேத்தி. அதே ஊரில் கைவினைக் கலைஞராக இருந்தவர் ராம்சந்திர சர்மா. அப்போது கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைப் பாதங்கள் காலணி போட்டு நடப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றோடு குந்தி உட்கார முடியாது, சம்மணமிட முடியாது, வயல் சேற்றில் இறங்க முடியாது. நோயாளிகள் அவற்றை வாங்கிப் போய் மூலையில் போட்டுவிட்டுக் கவட்டுக்கட்டையோடு நடமாடினார்கள். 1960-களின் பிற்பகுதியில் இருவரும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். எல்லாத் திசையிலும் வளைந்து கொடுக்கும், தண்ணீரில் கெடாது, பார்க்கவும் பாதம் போலவே விரல்களோடு இருக்கும். வெறுங்காலோடு கோயிலுக்குப் போகலாம். பரதநாட்டியத்துக்கு வேண்டியதும் இதேதான்: வெறுங்கால், வளையும் கணுக்கால், தரையில் முழுவதும் படியும் உள்ளங்கால். சுதா விபத்தில் சிக்கிய அதே 1981-இல்தான் சேத்திக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது.

சுதா சந்திரனின் உண்மைக் கதையையும் வேதாவின் கற்பனைக் கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. சுதாவின் கதையை ஊடகங்கள் சொல்லும்போது மேடைக்குத் திரும்பிய அந்த ஒரு நாளை நோக்கியே எல்லாம் ஓடும். நாவலுக்கு அந்த அவசரம் இல்லை. வேதா எதற்காக ஆடினாள் என்ற கேள்வியை அது முதலில் எடுத்துக்கொள்கிறது. விபத்துக்கு முன் அவள் ஆடியது கைதட்டலுக்காக. காமினி என்ற போட்டியாளரை முந்துவதற்காக. அந்த ஆசையைத் தவறு என்று நாவல் கண்டிக்கவில்லை. ஆனால் கைதட்டல் நின்றுபோன பிறகு நடனத்தில் என்ன மிஞ்சுகிறது என்று அவளைத் தேட வைக்கிறது.

அந்தத் தேடலில் அவளுக்கு வழித்துணையாக வருபவன் கோவிந்தா. ஆரம்ப வகுப்பை நடத்தும் இளைஞன். நடனத்தை வழிபாடாக அணுகுகிறவன். அவனுக்கும் வீட்டில் நெருக்கடி இருக்கிறது, ஆட்டத்தை விட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது செய்யச் சொல்லும் பெற்றோர். வேதாவின் அம்மாவுக்கும் மகள் பொறியாளராக வேண்டும் என்பதே ஆசை. சென்னையில் நடுத்தரக் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு வந்ததும் சலங்கையைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்வது எத்தனை வீடுகளில் நடக்கிறது! அரங்கேற்றம் வரை அனுமதி, அதற்கு மேல் நுழைவுத் தேர்வு. ஆண் பிள்ளைக்கு அந்த அனுமதிகூடக் கிடைப்பதில்லை. கோவிந்தாவின் பாத்திரம் அந்தப் பையன்களுக்குக் குரல் கொடுக்கிறது. நாவலில் இந்த இழை இன்னும் நீண்டிருக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு அது முக்கியமானது.

நடனத்தில் நிருத்தம் என்றும் அபிநயம் என்றும் இரண்டு பங்கு உண்டு. நிருத்தத்தில் அடவுகளின் துல்லியம், வேகம், கணக்கு. அபிநயத்தில் கண்ணும் முகமும் கையும் சேர்ந்து ஒரு பாடலின் உள்ளே போகின்றன. அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று போய்த் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையில் இரண்டுக்கும் இடமுண்டு. இந்த அமைப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்மைப்படுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். போட்டி மேடையில் எளிதாகப் பரிசு தருவது நிருத்தம். பழைய வேதா அதில் கெட்டிக்காரி. வேகம் குறைந்த பிறகுதான் மற்றதன் ஆழம் அவளுக்குப் புலப்படுகிறது. உடம்பு சொன்னபடி கேட்காத நாட்களில்தான் மனம் பாட்டைக் கேட்கத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியை நினைக்காமல் இருக்க முடியாது. பாய்ச்சலும் பகட்டும் இல்லாமல், ஒரு பதத்தை நின்ற இடத்திலேயே அபிநயித்துச் சபையைக் கட்டிப்போட்டவர் அவர். 1918-இல் பிறந்த பாலா, கந்தப்பப் பிள்ளையிடம் நடனம் கற்று, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பாட்டி வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் பாடகி, மகளின் நடனத்துக்கு அவரே பாடினார். பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிர் ஆட்டத்தைச் சமூகம் இழிவாகப் பார்த்த காலத்தில் பேத்தியை நடனத்துக்கு அனுப்பிய குடும்பம் அது. வேதாவின் புதிய குருவின் பெயரும் தனம். நாவலாசிரியர் நினைத்து வைத்ததோ இல்லையோ, தமிழ் வாசகருக்குத் தனம்மாள் நினைவு வந்தே தீரும்.

வேதாவுக்கும் ஒரு பாட்டி இருக்கிறாள். நாவலில் மிக அழகாக உருவான பாத்திரம் அவள்தான். கதை சொல்கிறவள், பேத்தியை முன்முடிவு இல்லாமல் பார்க்கிறவள், ஆட்டத்தில் கடவுளைக் காண்கிறவள். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்தையும் கேட்பவள். பாட்டி இறந்துபோகிறாள். வேதாவுக்கு அது கால் போனதைவிடப் பெரிய இழப்பு. நடனத்தின் வேரும் குடும்பத்தின் வேரும் அந்த ஒருத்தியிடம்தான் சேர்ந்திருந்தன. அவள் போன பிறகு அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் நேராகப் பார்க்க வேண்டிய கட்டாயம் வருகிறது. இளையோர் நாவல்களில் பெற்றோர் பெரும்பாலும் தடைக்கல்லாகவே வந்து போவார்கள். வேதாவின் அம்மாவை நாவல் அப்படி விட்டுவிடவில்லை. அவள் மகளுக்காக அஞ்சுவதற்கும் காரணம் உண்டு என்று வேதா மெல்லப் புரிந்துகொள்கிறாள்.

சிறுமியாக இருந்தபோது ஆடும் சிவனின் கோயிலில் கல்லில் செதுக்கிய நடன மங்கையரைப் பார்த்து மயங்கிய நினைவிலிருந்து வேதாவின் ஆசை பிறக்கிறது. சிதம்பரம் கோபுர வாயில்களில் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் நடன அசைவுகளான 108 கரணங்களும் சிற்பங்களாக நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் 81 கரணங்கள் செதுக்கி முடிக்கப்பட்டிருக்கின்றன. நடனம் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சிற்பங்களே முதல் மூதாதையர்.

ஆனால் கல்லுக்கும் இன்றைய மாணவிக்கும் நடுவே உயிரோடு இருந்து இந்தக் கலையைக் கைமாற்றித் தந்த பெண்களும் நடன ஆசான்களான நட்டுவனார்களும் இருக்கிறார்கள். வேதாவின் கதையைப் படித்து முடிக்கும் ஒரு பெண் அடுத்துத் தேட வேண்டியது அவர்களைத்தான். விராலிமலை முருகன் கோயிலில் ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்டு, அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டு வளர்ந்த முத்துக்கண்ணம்மாள் அவர்களில் ஒருவர். தினமும் மலைப்படி ஏறிப் போய்ப் பாடி ஆடிய 32 பெண்களில் அவரும் இருந்தார். தந்தையே நட்டுவனார். 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. பல பெண்களை அது விடுவித்தது. அதே நேரத்தில் அவர்களில் பலருக்குப் பிழைப்பும் மேடையும் மதிப்பும் சேர்ந்தே போயின. 2022-இல் முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ விருது வந்தபோது, பள்ளிகளில் பரதநாட்டியம் கற்கும் எத்தனையோ பிள்ளைகள் சதிர் என்ற சொல்லையே முதல்முறை கேட்டிருப்பார்கள்.

அந்த வழக்கத்தை உள்ளிருந்தே எதிர்த்தவர்களும் உண்டு. பொட்டுக்கட்டும் முறையின் கொடுமையை நேரில் அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை வெளியிட்டார். அதே 1936-இல்தான் ருக்மிணி தேவி அடையாற்றில் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கினார். ஒருவர் அந்த உலகத்தை விட்டு வெளியே வரச் சொன்னார். இன்னொருவர் வெளியிலிருந்து அந்தக் கலைக்குள் வந்தார். ருக்மிணி தேவி பிறந்தது 1904-இல். பரதநாட்டியத்தை அவர் கற்கத் தொடங்கியது பிள்ளைப் பருவத்தில் இல்லை. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, அடையாறு தியாசபிகல் சொசைட்டியில் அவர் மேடையேறிய 1935-ஆம் ஆண்டில் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அந்தக் கௌரி அம்மாளிடம்தான் பாலசரஸ்வதியும் அபிநயம் கற்றார். இரு வேறு உலகங்களைச் சேர்ந்த இரண்டு பெரும் கலைஞர்களை உருவாக்கிய ஆசிரியை, மயிலாப்பூர்க் கோயிலின் தேவதாசி. இந்த உறவுகளைத் தெரிந்துகொண்டால், நடனம் யாருடையது என்ற கேள்விக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது என்பதும் தெரிந்துவிடும்.

தமிழில் நடனப் பெண்ணை நடுவில் வைத்த பெரும் நாவல்கள் உண்டு. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. ஆயனரின் மகள் சிவகாமி ஆடினால் சிற்பம் பிறக்கும். நரசிம்மவர்மரின் காதல், புலிகேசியின் சிறை, வாதாபி எரிப்பு என எல்லாம் அவளைச் சுற்றியே நடக்கின்றன. கடைசியில் அவள் ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் 'ஆனந்த விகட'னில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' கலைஞர்களின் தன்மானத்தையும் ஊர் ஊராகப் போகும் கச்சேரி வாழ்க்கையையும் தமிழர் வீட்டுக்குள் கொண்டுவந்தது. இரண்டும் மறக்க முடியாத படைப்புகள். ஆனால் சிவகாமியின் நடனம் ஒரு பேரரசின் கதைக்குள் இருக்கிறது. மோகனாவின் நடனம் ஒரு காதலுக்குள். அரைமண்டியில் தொடை நடுங்குவது எப்படி இருக்கும், பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும் பெண் தன் அம்மாவிடம் என்ன பேசுவாள், தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பவை அங்கே பின்னணிக்குப் போய்விடுகின்றன. அவை பெரியவர்கள் படித்த தொடர்கதைகள். பிள்ளைகள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

தமிழில் ஒரு வாசகப் பிள்ளையின் பயணம் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அம்புலிமாமாவும் காமிக்ஸும் முடிந்தால் நேரே 'பொன்னியின் செல்வன்', அடுத்து சுஜாதா. நடுவிலுள்ள ஆறேழு வருடங்களுக்கென்று, அந்த வயதின் உடம்பையும் கோபத்தையும் நட்பையும் பேசும் கதைகள் குறைவு. அந்த வயதில்தான் ஒரு பிள்ளை நான் யார், எந்த வீட்டிலிருந்து வந்தேன், எதை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்று கேட்கத் தொடங்குகிறது. வேதாவின் கதை சென்னையில், தமிழ் வீட்டில், பாட்டியின் மடியில் நடந்தாலும், அது எழுதப்பட்டது ஆங்கிலத்தில், முதன்மையாக அமெரிக்க வாசகருக்காக. கோயிலும் குடும்பமும் அங்கே சில நேரம் கொஞ்சம் அழகூட்டப்பட்டுத் தெரிகின்றன. உள்ளூர் வாசகர்கள் சில இடங்களில் கூடுதல் கறாரை எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே. அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் உள்ளூரில் எழுதுகிறவர்கள்.

எழுதுவதற்குக் கதைக்கா பஞ்சம்? தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் நட்டுவனார் குடும்பத்தில் பிறந்து, தன் தாத்தாவின் கலையைக் கட்டணம் கட்டி வேறு யாரிடமோ கற்கும் பெண் இருக்கலாம். ஆட ஆசைப்பட்டு, வகுப்புத் தோழர்களின் கேலிக்குப் பயந்து மொட்டைமாடியில் தனியாக அடவு போடும் பையன் இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து டொரண்டோவுக்குப் போன குடும்பத்தில், அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்த பிறகு, தான் அபிநயிக்கும் பதத்தின் தமிழே தனக்குப் புரியவில்லை என்று உணரும் மகள் இருக்கலாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கைமுத்திரைகளை மட்டும் கற்றுக்கொள்ள ஒருத்தி வகுப்புக்கு வரலாம். இவர்களில் ஒருவரைப் பற்றியாவது, பதினைந்து வயது வாசகரை மனத்தில் வைத்து, தமிழில் ஒரு நாவல் வர வேண்டும். 'எ டைம் டு டான்'ஸைத் தமிழில் படிக்கத் தருவதும் அதற்கு ஒரு நல்ல தொடக்கமாக இருக்கும். அரைமண்டி, அடவு, சலங்கை, பாட்டி ஆகியவற்றுக்கு அங்கே யாரும் விளக்கம் எழுத வேண்டியிருக்காது.